மெஷின் பார்க்க எண்ணக் கூடாது

வைஜயந்தி அந்த ஆயுத பூஜைக்கு ஆடியது அரை மணி நேரம்கூட இருக்காது. அதில் ஓர் இடத்தில், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நடுவிலிருந்து ஒரு பெண் வீரிட்டாள்.

"ஐயோ, வாணா!"

வைஜயந்தி அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

அப்படி நினைக்கும்படி, பாராட்டு கிடைக்காமல் அவளைக் காய வைத்திருந்தார்கள். திருவள்ளூரில் பெருமாள் சன்னிதியில் பிரபந்தம் சேவிக்கும் சடகோபனின் மகள் அவள். பரதம் கற்று, சென்னையில் ஒரு நாட்டிய நாடகக் குழுவில் சேர்ந்து, வருஷக்கணக்காகத் தோழியாகவும் மானாகவும் ஒரு தடவை மரமாகவும் ஆடினாள். பிறகு அந்தக் குழுவை விட்டு வந்து சொந்தமாக ஆட்டம் அமைக்கத் தொடங்கினாள். அவள் ஆட்டங்களில் பாட்டு கிடையாது, கதை கிடையாது, சாமி கிடையாது. அடிபம்பில் தண்ணீர் அடிக்கிறவர்கள், ரயிலுக்குக் காத்து நிற்கிறவர்கள் என்று தினம் பார்க்கும் உடம்புகளை மேடைக்குக் கொண்டுவந்தாள். சென்னையில் ஒரு சபாவில் அடிபம்பு ஆட்டத்தை ஆடியபோது முதல் வரிசைகூட எழுந்து போய்விட்டது. "கேன்டீன்ல கூட்டம் தாங்கலைம்மா" என்று செயலாளர் அவளிடமே வந்து அலுத்துக்கொண்டார்.

அம்மா அம்புஜவல்லிக்கு இது ஆறாத குறை.

"பெருமாள் இல்லாம ஒரு டான்ஸாடி? இப்போ என்ன, மெஷினையா சேவிக்கப் போறே?"

"அவ எதையோ சேவிச்சுட்டுப் போறா. நீ மோருக்குத் தாளிச்சியா, அதைச் சொல்லு" என்பார் சடகோபன். விரல் கணுக்களில் கட்டைவிரல் ஓடிக்கொண்டே இருக்கும். திருமந்திரம் ஜபிக்கிறார் என்று அர்த்தம். அந்த வீட்டில் விரல் ஓடும்போது யாரும் யாரையும் என்ன ஜபிக்கிறாய் என்று கேட்பதில்லை. கேட்கவும் கூடாது.

மெஷின் என்று அம்மா சொன்னது வெறும் கேலி இல்லை. கும்மிடிப்பூண்டியில் அப்போது முள்ளும் மணலுமாகக் கிடந்த நிலத்தில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கும் ஒன்றுக்கு மேனேஜர் துளசிராமன். அன்று சபாவில் கேன்டீனுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த சிலரில் அவரும் ஒருவர்.

"எங்க ஃபேக்டரி வேலையை வெச்சு ஒண்ணு பண்ணுங்க. ஆயுத பூஜைக்கு ஆடுங்க. நல்லா வந்தா டெல்லி கண்காட்சிக்கு உங்களைக் குழுவோட அனுப்பறோம். செலவு கம்பெனியோடது" என்றார்.

டெல்லிக்கு நாடெங்கிலும் இருந்து புது ஆட்டம் ஆடுகிறவர்கள் வருவார்கள். அவர்கள் கேன்டீனுக்குப் போகமாட்டார்கள். இது கை நழுவினால், ஏதாவது ஒரு கான்வென்ட் பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் குழந்தைகளைத் தாமரைப் பூவாக நிற்க வைத்தே காலம் ஓடிவிடும் என்று வைஜயந்திக்குத் தெரியும். இதுதான் கடைசி என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே யாரிடமும் சொல்லவில்லை. அவள் பொதுவாகவே வெளியே எதையும் சொல்கிறவள் இல்லை.

காலையில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்துப் போவாள். பிரஸ் ஷெட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிரஸ் மெஷின்கள் இரண்டு வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆள். தகரத் துண்டை அச்சின் மேல் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து இரும்பு விழும், மூடியை எடுக்க வேண்டும். வை, மிதி, விழும், எடு. எடுப்பதற்குள் மறுகை அடுத்த துண்டோடு உள்ளே போயிருக்கும். மொத்த ஷெட்டும் ஒரே தாளத்தில் அதிர்ந்தது. இரண்டாம் நாளே அந்தத் தாளம் அவள் உடம்பில் ஏறிவிட்டது. ரயிலில் வரும்போது முழங்கால் தானாக ஆடியது.

மூலையில் கம்பி வலையால் ஆன கூண்டுகள் சில அடுக்கியிருந்தன. பெண்கள் அவற்றில் சோற்றுப் பைகளை மாட்டி வைத்திருந்தார்கள்.

"இன்னாமா, வேலை செய்யறத போயி குந்திக்கினு பாக்குற? எங்கூட்டுக்காரரு பாத்தா சிரிப்பாரு. அவரு நான் வேலை செஞ்சு ஒரு நாளும் பாத்ததில்ல" என்றாள் கெங்கம்மாள். முன்வரிசையில் வேலை செய்தவள். வைஜயந்தி வயதுதான். பக்கத்துக் கிராமத்தில் நெல் வயலில் இருந்து நேராக பிரஸ்ஸுக்கு வந்தவள்.

"நல்லா கையை வீசுறீங்க" என்றாள் வைஜயந்தி.

"வீசாட்டி மேஸ்திரி நம்மள வீசிடுவாரு."

அடுத்த மெஷினில் இருந்த அரசப்பன் திரும்பாமலே சிரித்தார். அங்கே மூத்தவர் அவர்தான். கையில் எப்போதும் ஒரு துணியைச் சுற்றியிருப்பார். தகர விளிம்பு வெட்டாமல் இருக்க என்று வைஜயந்தி எண்ணிக்கொண்டாள். அவர் வேலை செய்வதைப் பார்த்தால் கை தனியாகவும் ஆள் தனியாகவும் இருப்பதுபோல் இருக்கும். அவர் வீட்டுக் கவலை பேசிக்கொண்டிருப்பார். கை பாட்டுக்குப் போய்ப் போய் வரும்.

ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் எல்லோரும் குழாயடிக்கு நடப்பார்கள். வாசலைத் தாண்டியதும், ஒவ்வொருவர் கட்டைவிரலும் மற்ற விரல் நுனிகளைத் தொட்டுக்கொண்டு போகும். ஒன்றுகூட விடாமல், இரண்டு கையிலும். யாரும் பேசுவதில்லை. பிறகுதான் சிரிப்பும் சண்டையும் தொடங்கும்.

முதல் முறை பார்த்தபோது வைஜயந்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பாவின் கை. நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு, இவர்கள் தங்கள் சாமியின் பெயரை எண்ணுகிறார்கள்.

கேட்டிருக்கலாம். ஆனால் விரல் ஓடும்போது கேட்கக் கூடாது என்று வளர்ந்தவள். கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவி, மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மெஷின் வரிசைக்கு முன்னால் பலகை பரப்பியதுதான் மேடை. ஒரு மிருதங்கம் மட்டும். ஆட்டம் பிரஸ்ஸின் தாளத்தில் தொடங்கியதுமே தொழிலாளிகள் தங்களைக் கண்டுகொண்டு சிரித்தார்கள். "ஏய், கெங்கம்மா மாரியே கீதுபா!" என்று ஒருவன் கத்தினான். கெங்கம்மாள் அவன் முதுகில் அடித்தாள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. வைஜயந்தியின் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது.

முடிவில் சபையைப் பார்த்து நின்று விரல்களை எண்ணுவதாகத்தான் அமைத்திருந்தாள். அந்தக் கணத்தில் ஒன்று தோன்றியது. பின்னால் மாலையும் சந்தனமுமாக மெஷின்கள் மூலவர்போல் நிற்கின்றன. அவள் சபைக்கு முதுகைக் காட்டி, மெஷின்களை நோக்கித் திரும்பினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினாள். கண்ணை மூடி, மெதுவாக, ஒவ்வொரு விரலாக எண்ணினாள்.

அப்போதுதான் அந்தக் குரல். "ஐயோ, வாணா!"

துளசிராமன் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

"டெல்லி நிச்சயம்மா. அந்தக் கடைசிப் பிரார்த்தனை இருக்கே, அடடா!"

வைஜயந்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். பெண்கள் அவளைக் கண்டதும் பொரிகடலைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வீரிட்ட கெங்கம்மாளும் தலை குனிந்தபடி போனாள். அரசப்பன் மட்டும் நின்றார்.

"எண்ணிக் காட்டிட்டியேமா" என்றார்.

"என்னது?"

"மெஷினுக்கு எண்ணிக் காட்டிட்டியே. மெஷினு பாக்க எண்ணக் கூடாது. வாசல தாண்டி, முதுகக் காட்டிக்கினுதான் எண்ணுவோம். அது பாக்க எண்ணினா, இன்னும் இத்தினி மிச்சம் வெச்சுகினு கீறான்னு அதுக்குத் தெரிஞ்சுபூடும்."

"எதை எண்ணுவீங்க?"

அரசப்பன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். சுண்டுவிரல் இல்லை. அதற்கு அடுத்தது பாதி.

"இன்னாத்த எண்ணுவாங்க? வெரலத்தான்."

அத்தனை நாள் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்த கை. சிறு வயதிலிருந்து கையைப் பார்ப்பதுதான் வைஜயந்தியின் படிப்பு. எந்த விரல் மடங்க வேண்டும், எந்த விரல் நீள வேண்டும் என்று மற்றவர்களைத் திருத்துகிறவள். வீச்சைப் பார்த்தாள், வேகத்தைப் பார்த்தாள், தாளத்தைப் பார்த்தாள். விரலைப் பார்க்கவில்லை. இப்போது குழாயடியில் நின்றவர்களின் கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. ஒன்றில் நுனி இல்லை. ஒன்றில் இரண்டு விரல் ஒட்டிப்போயிருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விடுமுறை கழிந்து, டெல்லிக் குழுவைப் பற்றிப் பேச வரச்சொல்லியிருந்தார் துளசிராமன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த இடத்தை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவதாக அரசப்பனிடம் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு போனாள்.

ஷெட் ஓடவில்லை. முன்வரிசையில் ஒரு மெஷினின் கீழே மரத்தூள் கொட்டியிருந்தது. மரத்தூள் சிவந்து ஊறியிருந்தது. மெஷினின் மேல் சாமந்தி மாலை வாடித் தொங்கியது.

அது கெங்கம்மாளின் மெஷின்.

"வந்துட்டா பாரு!" பூவம்மாள் என்ற பெண் குழாயடியிலிருந்து பாய்ந்து வந்தாள். "ரெண்டு வெரலுமா! சோத்துக் கையி! கைக்கொழந்தக்காரி! ஆடி ஆடி வாங்கிக் குடுத்துட்டியே, இப்ப திருப்தியா?"

யாரோ அவளை இழுத்துப்போனார்கள். வைஜயந்தி அங்கேயே நின்றாள். ஆபீஸ் பையன் வந்து, சார் கூப்பிடுகிறார் என்று இரண்டு முறை சொன்னான்.

துளசிராமன் காபி வரவழைத்தார்.

"நீங்க இதை மனசுல வெச்சுக்காதீங்க. ஜனங்க எதையாவது சொல்லும். ஒரு விதத்துல நல்லதுதான்."

"நல்லதா?"

"நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வரார். எப்படி ஆச்சுன்னு கேப்பார். அன்னிக்கு ஆட்டம் பாத்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு மனசு கலங்கி இருந்தா, கவனம் சிதறிடுச்சு, அவ்வளவுதான். அவ கத்தினது எல்லாருக்கும் தெரியுமே. நீங்களும் வந்து, ஆமா, கத்தினான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். பொய் இல்லையே? டெல்லி டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

காபி ஆறி ஆடை படியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கெங்கம்மாளைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். வைஜயந்தியைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தாள்.

"வாமா, டான்ஸம்மா. எண்ணுறது இனிமே சீக்கிரமா முடிஞ்சுபூடும் எனுக்கு."

வைஜயந்தி அழுதாள்.

"அட, நீ இன்னாத்துக்கு அழுவுற? உன்னாலன்னு அவங்க சொல்லிக்கினு கீறாங்க. நானா சொன்னேன்? எனுக்கும் அன்னிக்கு பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கார்டு இருந்தா கை எப்டிமா உள்ள பூரும்?"

"கார்டுன்னா?"

"நாஷ்டா பை மாட்டி வெப்போமே, கம்பிக் கூண்டு. அதான். அத்த மாட்டினா தகரத்தக் குச்சியால தள்ளணும். பாதி மூடிகூட உழாது. மெஷினு வந்த அன்னிக்கே மேஸ்திரி கழட்டிட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லிக்கினு இருக்காத. பேக்கிங்ல போடறேன்னு மேனேஜரு சொல்லிக்கீறாரு. வேற எவன் குடுப்பான் இந்தக் கைக்கு வேலை?"

மறுநாள் ஷெட்டில் நுழைந்தபோது எல்லா மெஷின்களிலும் கம்பிக் கூண்டுகள் மாட்டியிருந்தன. சோற்றுப் பைகளைச் சுவரோரம் தரையில் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அரசப்பன் முறை வந்தது.

"கார்டு எப்பவும் இருக்குமா?"

"எப்பவும் இருக்கும் சார்."

"அந்த அம்மா மெஷின்ல?"

"இருந்துச்சு சார். அதுதான் இன்னாவோ பராக்குல எடுத்துட்டு கைய வுட்டுடுச்சு. மனசு சரியில்ல அதுக்கு. அந்த டான்ஸு பாத்ததுலேந்து."

சொல்லும்போது அவர் வைஜயந்தியைப் பார்க்கவில்லை. துளசிராமன் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் திரும்பினார்.

"நீங்கதான் ஆடினதா? அந்தப் பொண்ணு அன்னிக்குக் கத்தினாளா?"

"கத்தினா" என்றாள் வைஜயந்தி. அதோடு நிறுத்தினால் டெல்லி. எல்லோரும் அவள் நிறுத்துவதற்காகக் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடப் போனார்.

"அவரை மெஷின்ல உட்காரச் சொல்லுங்கோ" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "கரண்ட் வேண்டாம். வேலையைச் செஞ்சு காட்டட்டும்."

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் துளசிராமன்.

"காட்டட்டுமே" என்றார் இன்ஸ்பெக்டர்.

அரசப்பன் உட்கார்ந்தார். குச்சியை எடுத்தார். தகரத் துண்டைக் கூண்டின் இடுக்கு வழியே மெல்லத் தள்ளினார். பெடலை மிதித்தார். குச்சியால் எடுத்தார். புதுப் பெண் கோலம் போடுவதுபோல் அத்தனை பதனம். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

"வேகமா" என்றாள் வைஜயந்தி.

அவள் கைதட்டத் தொடங்கினாள். வை, மிதி, விழும், எடு. அந்த ஷெட்டின் தாளம். முதலில் மெதுவாக, பிறகு மெஷின் ஓடும்போது இருக்கும் அதே காலத்தில். அரசப்பனின் தோள் அதைக் கேட்டது. குச்சி இரண்டு முறை தாளத்தோடு ஒட்டி வந்தது. மூன்றாவதில் தடுமாறியது. வைஜயந்தி தட்டுவதை நிறுத்தவில்லை. குச்சி கீழே விழுந்தது. கை தகரத்தோடு நேராக உள்ளே போனது.

டங்.

விரல் முட்டிகள் கம்பி வலையில் மோதின. இதற்குள் மறுகை கிளம்பிவிட்டது. டங். கூண்டு இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. டங். அரசப்பன் தன் கைகளைப் பார்த்தார். யாரோ வேறொருவரின் கைகளைப் பார்ப்பதுபோல், வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். முட்டித் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கை மறுபடியும் போனது.

"போதும்மா!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார்.

அவர் கத்திய பிறகுதான் தான் இன்னும் தட்டிக்கொண்டிருப்பது வைஜயந்திக்குத் தெரிந்தது. நிறுத்தினாள்.

"இந்தக் கை ஒரு நாளும் கார்டு வெச்சு வேலை செஞ்சதில்லை" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். துளசிராமன் அவளைத் திரும்பிப் பார்க்காமல் ஆபீசுக்குள் போனார். டெல்லியைப் பற்றி அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கண்காட்சிக்கு அந்தக் கம்பெனி பெயின்ட் அடித்த ஒரு பிரஸ் மெஷினை அனுப்பியதாகப் பின்னால் கேள்விப்பட்டாள்.

வாசலில் அரசப்பன் அவளை நிறுத்தினார். கைத்துணியை முட்டியில் சுற்றியிருந்தார்.

"ஏம்மா, நான்தான் இருந்துச்சுன்னு சொன்னேனே. நான் சொல்றது எனுக்குத் தெரியாதா? ரெண்டு பொண்ணுங்க கீது ஊட்டுல."

"கார்டை இனிமே கழட்ட முடியாது" என்றாள் வைஜயந்தி.

"கழட்ட முடியாது. சரி. நல்லதுதான். கெங்கம்மாவ பேக்கிங்ல போடுவானா? எனுக்கு நாளைக்கு கேட் தொறப்பானா? அத்த நீ சொல்லு."

சொல்லிவிட்டு அவர் குழாயடிக்குப் போய்விட்டார். பூவம்மாள் அவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியில் கூட்டம் இல்லை. வைஜயந்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெண்களுக்கு ஆட்டம் அமைத்துக் கொடுத்திருக்கிறாள். கெஞ்சியிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், மாசக்கணக்கில் மன்றாடியிருக்கிறாள். ஒருத்தி உடம்பும் அவள் நினைத்தபடி முழுசாக அசைந்ததில்லை. இன்று ஒரு மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க, அவர் கையை அவள் ஆட்டிவைத்தாள். ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அதோடு, அந்தத் தாளம் பிசகாமல் வந்தபோது அவளுக்குள் எங்கோ ஓர் இடம் குளிர்ந்துபோனது. மேடையில்கூட அப்படிக் குளிர்ந்ததில்லை.

அதை நினைத்தபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எதிரே இருந்த கிழவர் "தண்ணி வேணுமாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். பொன்னேரி தாண்டும்போது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.